உன் மாமாவின் குரலுக்கு மேல் பதிந்த இசை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நித்யாவும் வந்து என் சோபாவில் உட்கார்ந்து, அம்மாவின் கசெற்றிலிருந்து உன் கைபேசியில் ஏற்றிய அந்த இசையைப் போட்டபோது நான் எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று நீ நித்யாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தப் பதின்மூன்றரை நிமிடமும் எப்போது முடியும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது, “அப்பா, இதைப் போட்டுத்தான் நான் மணவறைக்கு நடந்து வரப்போறன். அம்மா இல்லை, அம்மாவின்ரை மியூசிக் எண்டாலும் வரட்டும்” என்றாய். முப்பத்தாறு வயதில் அதைச் சொல்லிவிட்டு நீ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாய். அப்போது நித்யா, நீ கட்டப்போகிற அந்தச் சென்னைப் பிள்ளை, எனக்கு நல்லது செய்ததாக நினைத்து ஒன்று சொன்னாள். “கடைசில யாரோ பேசற மாதிரி தெளிவில்லாம ஒரு இருபது செகண்டு வந்துச்சு அங்கிள். பழைய டேப் இல்லையா, சத்தம் ஏறிருக்கும்னு அதைக் கட் பண்ணிட்டேன். இப்ப நீட்டா இருக்கு.” நான் “நல்லது பிள்ளை” என்றேன். ஏழு கிழமையில், ஐம்பது நாள்கூட இல்லை, உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதை நான் சொல்லியாக வேண்டும்.

நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை, ஆகவே எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகும்போது நீ பிரெஞ்சில் என்னைத் திட்டியதும் மறக்கவில்லை. மெதுவாகவே வாசி. விளங்காத இடத்தை நித்யாவிடம் கேள். அவளுக்கும் தெரியட்டும், எதையும் மறைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வராதே. நீ அம்மாவின் இசை என்று நினைப்பது ஒரு கசெற்றின் முதல் பக்கம். அந்த இசையைத் தெரிவு செய்தவள் உன் அம்மா இல்லை, நான். அதற்குக் கீழே உன் மாமா ரூபனின் குரல் இருந்தது. அதை அழித்தவனும் நான்தான்.

அது என்ன இசை என்று முதலில் சொல்ல வேண்டும். நான் கனடாவில் இந்த ஊருக்கு வந்த எண்பதுகளில் அதற்கென்றே வானொலி நிலையங்கள் இருந்தன. ‘பியூட்டிஃபுல் மியூசிக்’ என்று அந்த வகைக்கே பெயர். எல்லாருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து, பாடுகிற ஆளை வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை வயலின்களால் இழைத்து வைப்பார்கள். பல் வைத்தியரிடம் போனாலும் அதுதான், லிப்டில் ஏறினாலும் அதுதான், டவுன்டவுன் கடைகளில் உடுப்பு வாங்கப் போனாலும் அதுதான். காலையில் எழும்பி ரேடியோவைத் திருகினால் படுக்கும் வரை நிறுத்தாத வீடுகள் இருந்தன. என்ன பாட்டுப் போகிறது என்று அவர்களில் ஒருவரைக் கேட்டுப்பார், சொல்லத் தெரியாது. கேட்பதற்கென்று இல்லை அது, கேளாமல் இருப்பதற்கு. அந்த நிலையங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. விளம்பரம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்படி ஒரு நிலையத்துக்கு நான் நிலம் துடைக்கப் போனேன். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையில் நாலு வருடம் இருந்தவன் ஆகையால், ஒரு நாள் மெசின் ஒன்று நாடாவைச் சிக்க வைத்துக்கொண்டபோது மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு அதைச் சரிசெய்து கொடுத்தேன். தலைமை இன்ஜினியர் ஒரு வயதானவர், எப்போதும் கம்பளிச் சட்டை. அடுத்த மாதமே என்னை நாடா மாற்றும் வேலைக்கு எடுத்தார். சாப்பாட்டுக் கோப்பையைவிடப் பெரிய நாடாச் சுருள்கள் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். நாலு மெசினில் ஏற்றி விடவேண்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் காதுக்குப் பிடிபடாத ஒரு ஒலி பதிந்திருக்கும், அது வந்ததும் அடுத்த மெசின் தானாக ஓடும். பதின்மூன்றரை நிமிடம் இசை, பிறகு ஒருவர் தொட்டில் பிள்ளைக்குச் சொல்வது போல நிலையத்தின் பெயரைச் சொல்வார், இரண்டு விளம்பரம், திரும்ப இசை. அங்கே சட்டம் ஒன்றுதான், கேட்கிறவர் திடுக்கிடக் கூடாது. செய்தியில்கூடக் கொலை, சாவு எல்லாம் முடிந்தவரை குறைத்துத்தான் வாசிப்பார்கள். அமைதி சில விநாடிக்கு மேல் நீடித்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் கத்தும். அப்போது என்ன கையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடவேண்டும். இன்னொன்று, அங்கே பழைய நாடாவை எறிவதில்லை. நேற்றையதை அழித்து இன்றையதைப் பதிவோம். அழிப்பது எனக்குப் பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை, அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

எனக்கு அந்த அறை பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஊரில் ஷெல் அடிக்கும்போது கட்டிலுக்கு அடியில் கிடந்தவன் நான். சூடான அறை, கம்பளம் போட்ட நிலம், யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடாத இடம். இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று நான் வாய் பிளந்தேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் ஓரறை வீட்டிலும் அதே நிலையத்தையே போட்டு வைத்தேன். அம்மா சமைக்கும்போது போகும், சாப்பிடும்போது போகும். அவள் ஊரை நினைத்து அழத் தொடங்கினால் நான் போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். உனக்கு முன்னே எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றோடேயே போயின. அது உனக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. நீ வயிற்றில் ஆறு மாதம். மனக் குழப்பம் வரவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து அவளுக்கு வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் நான் முதலில் உடைத்துப் படித்தேன். யாராவது செத்த செய்தி இருந்தால் அந்தக் கடிதத்தை ஒளித்தேன். யாரும் சாகாத கடிதத்தைக் கொடுத்தேன். அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் இன்னொரு வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கசெற் வந்தது. ஊருக்கு ஃபோன் எடுப்பது அப்போது பெரும்பாடு, எழுத அலுப்புப்பட்டவர்கள் கசெற்றில் பேசி யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் டொரன்டோவில் தபாலில் போட்டிருந்தார். மேலே நீல மையில் ‘அக்காவுக்கு’ என்று ரூபனின் கையெழுத்து. ரூபன் அம்மாவின் ஒரே தம்பி, அப்போது இருபத்திரண்டு வயது. நான் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வேலைக்குக் கொண்டுபோய், ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவன் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து, தமிழ்ப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற அந்த நேரத்தில் ஒரு லொட்ஜில் ஒளித்திருந்தான். வெளிநாட்டுக்குப் புறப்படும் ஒரு கூட்டத்தோடு அவனையும் சேர்த்துவிட, ஆட்களை அனுப்புகிற ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால் ஏற்றுக்கொள்ளச் சொந்தம் இருக்கிறது என்று, அந்தச் சொந்தத்தின் வாயாலேயே அவருக்குக் கேட்கவேண்டும். லொட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை, அங்கே ஃபோன் இருக்கிறது. “அக்கா, வாற மாசம் முதல் மூண்டு ஞாயிறும் பின்னேரம் ஏழு மணிக்கு நான் கடை வாசல்லை நிப்பன். அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து நிப்பன். நீங்கள் ஒருக்கா எடுத்து, ஓம் என்ரை தம்பிதான் எண்டு சொன்னாக் காணும்.” நம்பரை இரண்டு தரம் சொன்னான், அது என் மனதில் ஏறிவிட்டது. இடையில் யாரோ கதவைத் தட்ட, கொஞ்சநேரம் பேச்சை நிறுத்தினான். மூச்சு மட்டும் கேட்டது.

கேட்டு முடிக்கவில்லை நான். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இனி வழக்கமான சுகம் விசாரிப்புத்தான் என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன். பிறகு செய்ததை எழுதுகிறேன். கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி, மெசினில் போட்டு, அடுத்த இசைத் தொகுதி தொடங்கும்போது பதிவுப் பொத்தானை அழுத்தினேன். பதின்மூன்றரை நிமிடம் அப்படியே இருந்தேன். இங்கிலிஷ்காரனின் குரல் கசெற்றில் ஏறக்கூடாது என்று, அவன் நிலையத்தின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் முன்னே நிறுத்தினேன். தொழில் சுத்தம். ரூபன் பேசியதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தானே, எல்லாம் போயிருக்கும் என்று நம்பினேன். முடிவுவரை ஓட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணி, இரண்டு பிள்ளை இழந்தவள், இதைக் கேட்டால் உன்னையும் இழந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் அகதி விசாரணை அடுத்த மாதம் வருகிறது, இந்த நேரத்தில் இப்படி ஒரு ஆளுக்குப் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் கிடப்பது வேறு. அந்தச் சூடான அறைக்குள் எங்கள் யுத்தம் வரக்கூடாது என்று நினைத்தேன். அவன் வந்தால் அதையும் கொண்டுவருவான். அவ்வளவுதான் மகன், நான் அவ்வளவு சின்ன மனிசன். உன்னைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். அதற்கு நீ பொறுப்பில்லை. இதை வாசிக்கும்போது உனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தால், அங்கேயே நிறுத்தி, இந்த வரியைத் திரும்ப வாசி.

பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கசெற்றை அம்மாவிடம் கொடுத்தேன். “ரூபன் அனுப்பினது. எயார்போட்டிலை எக்ஸ்ரே மெசினுக்குள்ளை போட்டு எல்லாம் அழிஞ்சு போச்சு. சும்மா கிடக்கிறதுக்கு நல்ல மியூசிக் ஒண்டு அடிச்சுக்கொண்டு வந்தனான்” என்றேன். அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “ஒரு சொல்லும் இல்லையோ?” என்றாள். “ஒண்டும் இல்லை” என்றேன். ‘அக்காவுக்கு’ என்ற எழுத்தை விரலால் தடவிவிட்டு, “கையெழுத்தைப் பாத்தா மெலிஞ்சு போனான் போலை கிடக்கு” என்றாள். கையெழுத்தில் மெலிவு எங்கே தெரியப்போகிறது என்று நான் பகிடி பண்ணினேன். அவளும் சிரித்தாள்.

ஏழு மணி அங்கே என்றால் இங்கே காலை எட்டரை. ஞாயிறு காலை வேலை என்னுடையது, கட்டடத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், மேசையில் ஃபோன். முதல் ஞாயிறு எட்டரைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்பதுக்குக் கோப்பி குடிக்கப் போனேன். இரண்டாவது ஞாயிறு அவன் சொன்ன நம்பரைச் சுற்றினேன். கடை முதலாளி எடுத்து “ஹலோ” என்றார். பின்னால் “அண்ணை, எனக்கோ? கனடாவோ?” என்று ஒரு குரல் கேட்டது. நான் வைத்துவிட்டேன். அவன் வாயால் ‘அத்தான்’ என்று கூப்பிட்டுவிட்டால் பிறகு நான் தப்ப முடியாது என்று வைத்தேன். மூன்றாவது ஞாயிறு எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கவே எடுத்தேன். இந்த முறை கதைக்கத்தான் எடுத்தேன், நீ நம்பினால் நம்பு. “ஆர், கனடாவோ?” என்றார் முதலாளி. “ரெண்டு கிழமையும் வந்து கால்கடுக்க நிண்ட பொடியன். வியாழக்கிழமை றோட்டிலை வைச்சு ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் ஆர் அவருக்கு?” நான் சொன்னேன், “தெரிஞ்ச ஆள்.” அவர் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மெசினில் நாடா அறுந்து, அலாரம் கத்தியது. நான் ஃபோனை வைத்துவிட்டு ஓடிப்போய் அடுத்த சுருளை ஓடவிட்டேன். ஊர் முழுக்க இசை திரும்பப் போனது. குறிப்பேட்டில் தடங்கலுக்குக் காரணம் எழுதவேண்டும். ‘நாடாக் கோளாறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரூபனைப் பிடித்த செய்தி அம்மாவுக்கு ஊரிலிருந்து மூன்று மாதம் கழித்து வந்தது, நீ பிறந்த பிறகு. அதை மறைக்க என்னால் முடியவில்லை, கோயிலில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. செத்தான் என்று யாரும் சொல்லாததால் அம்மா அவனுக்குத் திவசம் கொடுக்கவில்லை, படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. அதை நீ பார்த்திருக்கிறாய். அவள் அந்தக் கசெற்றைக் கேட்பதையும் நீ பார்த்திருக்கிறாய். கிழமையில் ஒரு நாள், உடுப்பு அயன் பண்ணும்போது போடுவாள். நீ சின்னப் பொடியனாக இருக்கும்போது கார்ட்டூன் பார்ப்பதற்காக அதை நிறுத்தப் போனால், “பொறடா, முடியட்டும்” என்பாள். இசையில் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அவள் போட்டால் நான் பல்கனிக்குப் போய்விடுவேன், பனி கொட்டினாலும் போவேன். இசையைப் போட்டுச் சம்பளம் வாங்கியவனால் அந்த ஒரு பக்கத்தைக் கேட்க முடியவில்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை, சம்பந்தமில்லாத நேரத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பாள், “நீங்கள் அந்தக் கசெற்றை முழுக்கக் கேட்டனீங்களோ?” நான் “ஓம், வெறும் இரைச்சல்தான் இருந்தது” என்பேன். “ம்” என்பாள். என் நினைவில் மூன்று தரம் கேட்டிருக்கிறாள். மூன்று தரமும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

நிலையம் நீ நடக்கப் பழகும் காலத்தில் செத்தது. கேட்பவர்கள் கிழடாகிவிட்டார்கள், கிழடுகளுக்கு விளம்பரம் செய்து பயனில்லை என்று கொம்பனிகள் விலகின. ஒரு வெள்ளிக்கிழமை புதிய ஆட்கள் வந்து, இனி இளசுகளுக்கான பாட்டு என்றார்கள். நாடாச் சுருள்களை நாங்களே அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டோம். இன்ஜினியர் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் லாசாலில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நாள் முழுக்க மெசின் இரைச்சல், பக்கத்தில் நிற்பவன் கதைப்பது கேட்காது. அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இனி அந்த இருபது செக்கன். நீங்கள் போன மறுநாள் காலை, நீ திருப்பித் தந்த கசெற்றையும் பழைய பிளேயரையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, கதவைப் பூட்டாமல், முதல் தடவையாக முழுக்கக் கேட்டேன். இசை முடிந்தது. ஒரு ‘டக்’ சத்தம். பிறகு இரைச்சலுக்குள் ரூபன். “...வேறை என்ன. யோசிக்காதேங்கோ அக்கா. உங்களுக்கு ஏலாமல் இருந்தாலும் அத்தான் ஃபோன் எடுப்பார். அத்தானை எனக்குத் தெரியும். சரி, வைக்கிறன்.” ஒரு இருமல், அவ்வளவுதான். எக்ஸ்ரே அழித்திருந்தால் இதுவும் அழிந்திருக்கவேண்டும் அல்லவா. படிக்காதவளா உன் அம்மா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். முதல் நாளே அவளுக்கு விளங்கியிருக்கும். அவன் எதையோ கேட்டிருக்கிறான், நான் அதை அழித்திருக்கிறேன், ஃபோன் எடுக்கவில்லை. தன் தம்பி என்னை நம்பியதைக் கிழமைக்கு ஒரு தரம் கேட்டுவிட்டு, எனக்குச் சோறு போட்டாள். என் சேர்ட்டைத்தான் அயன் பண்ணிக்கொண்டு கேட்டாள். உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவாள், இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள். அவள் என்னை மன்னித்தாள் என்று நீ சொல்லி ஆறுதல் படுத்தப் பார்ப்பாய். வேண்டாம். அவள் மன்னிக்கவில்லை, நான் வாய் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் பார்த்தாள், நான் திறக்கவில்லை.

கடைசிக் கிழமையில், ஆஸ்பத்திரியில், நீ கீழே கோப்பி வாங்கப் போயிருந்தாய். என் கையைப் பிடிக்காமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு, “பிள்ளைக்குச் சொல்லுங்கோ” என்றாள். “என்னத்தை?” என்றேன். “என்னத்தையெண்டு உங்களுக்குத் தெரியும்.” வில்லரேயில் வாங்கிய வீட்டின் பத்திரம் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன். “ஓம், சொல்லுறன்” என்றேன். அதுவும் ஒரு பொய்யாகத்தான் இந்த ஒன்றரை வருடமும் கிடந்தது.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது என் பிழை ஒன்றுதான், அதைத்தான் தரமுடியும். நித்யாவால் எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று நீ தீர்மானிக்காதே. அவள் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அவளிடம் முதலில் கொடு, பிறகு பக்கத்தில் இரு. அவள் அழுதால் டீவியைப் போடாதே, காரில் கூட்டிக்கொண்டு சுற்றாதே, அழட்டும். சண்டை வந்தால் சத்தமாகப் பிடியுங்கள், பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினால் தட்டட்டும். எங்கள் வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். அது பெருமைப்படுகிற விசயம் இல்லை.

நான் செத்தால் இதைச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் அவன் சொன்னவற்றை நினைவில் இருக்கும் வரை மேலே எழுதினேன். நம்பர் மறந்துவிட்டது. கடைப் பெயரும் சொன்னான், அதுவும் இல்லை. நித்யா வெட்டிய துண்டைத் திரும்பச் சேர்ப்பதா, அந்த இசையோடு நடப்பதா, கசெற்றை என் முகத்தில் எறிவதா, அது உன் விருப்பம். என்னை வரவேண்டாம் என்றாலும் சொல், வரமாட்டேன். கோபிக்கவும் மாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். மாப்பிள்ளையின் தலையில் பாலில் தோய்த்த அறுகம்புல்லை வைக்கும் பால் அறுகுச் சடங்கில் முதலில் தாய்மாமன் வைக்கவேண்டும், உங்களுக்கு ஒருவரும் இல்லையே, யாரைக் கேட்பது என்று ஐயர் உன்னிடம் கேட்டதாகச் சொன்னாய். லாசாலில் இருக்கும் என் கூட்டாளியை நிறுத்தலாம் என்று நான் பதில் சொன்னேன். அவரையும் கேட்காதே, வேறு யாரையும் கேட்காதே. ஐயர் தாய்மாமனைக் கூப்பிடட்டும். மேளக்காரரிடம் அந்த நேரம் வாசிக்கவேண்டாம் என்று சொல்லி வை. யாரும் எழும்பமாட்டார்கள். சனம் சுற்றிப் பார்க்கும், ஏன் ஒருவரும் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்கும். என்னை வர விட்டாயானால் நான் முன் வரிசையில் இருப்பேன். அப்போது எழும்பி நின்று, அவன் ஏன் வரவில்லை என்று நான் சொல்கிறேன்.

அப்பா